வாகனக் கேள்வி பதில்: பம்பருக்குப் பின்னால் இன்னொரு ரேடியேட்டர் எதற்கு?

போன இதழில் டர்போ வண்டிகளைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி சுற்றிச் சுற்றி ஒரே பொருளில் வந்து நிற்கின்றன: இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர வைக்கும் ரேடியேட்டர். அதனால் இம்முறை டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்விகள் பத்திரமாக இருக்கின்றன.

ஐயா, 1.4 லிட்டர் டர்போ கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்டர்கூலர் இருக்கிறது என்று விற்றவர் சொன்னார். கிரில் வழியாக எட்டிப் பார்த்தால் ரேடியேட்டரைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டாரா? இன்னொரு சந்தேகம்: எஞ்சினுக்குள் போய் எப்படியும் எரியப்போகிற காற்றைக் குளிர வைத்து என்ன பயன்?
– தெம்பனிஸ் வாசகர்

ஏமாற்றவில்லை. உங்களுடைய இரண்டாவது சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட்டால் முதலாவது சுலபம்.

எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. டர்போ அவ்வளவுதான். சிறிய டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைக்கும் போகும். சிக்கல் எங்கே என்றால், காற்றை அழுத்தினால் அது சூடாகும். காக்கி புக்கிட் பக்கம் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வேண்டாம், தொடாதீர்கள், கை சுட்டுவிடும். அங்கே எதுவும் எரியவில்லை, வெறும் காற்றை அழுத்தியதில் வந்த சூடு அது. டர்போவுக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் இருப்பதால்தான் காற்று சூடாகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பங்கு அழுத்தத்தால் வருவதுதான்.

எவ்வளவு சூடு? நம்மூர்ப் பகல் வெயிலில் 32 டிகிரியில் இருக்கும் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறையும் இல்லாத கம்ப்ரஸராக இருந்தால்கூட அந்தக் காற்று ஏறத்தாழ 100 டிகிரிக்குப் போய்விடும். உண்மையான கம்ப்ரஸர்கள் 70, 75 சதவீதத் திறனோடுதான் வேலை செய்கின்றன, அதனால் வெளியே வரும் காற்று 120, 125 டிகிரியைத் தொடும், அதாவது தண்ணீர் கொதிப்பதைவிட அதிகச் சூடு. சூடான காற்று விரிந்து நிற்கும், ஒரு லிட்டருக்குள் அடங்கும் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜனைக் கூட்டத்தானே டர்போவையே வைத்தோம்! ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொள்கிற கதை. இந்த 125 டிகிரிக் காற்றை அழுத்தம் குறையாமல் 50 டிகிரிக்கு இறக்கினால் அதே இடத்தில் சுமார் 23 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். இன்டர்கூலருக்குள் நுழைந்து வெளிவருவதற்குள் அழுத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதனால் முழு 23 சதவீதம் கிடைக்காது, ஆனாலும் நல்ல ஆதாயம். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 3 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சக்தி மட்டும் என்றால் இதைச் சொகுசு என்று விட்டுவிடலாம். பெட்ரோல் எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய காரணம் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரின் மூலையில் இன்னும் எரியாமல் கிடக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே உடைந்து போகலாம். இப்போதைய வண்டிகளில் இதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே ஒரு சென்ஸார் இருக்கிறது, அது சத்தம் கேட்டவுடன் கணினி ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்குத் தள்ளும், டர்போ ஏற்றும் அழுத்தமான பூஸ்ட்டைக் குறைக்கும், தேவைப்பட்டால் பெட்ரோலைக் கூட்டி ஊற்றியும் குளிர வைக்கும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். சக்தியும் மைலேஜும் போய்விடும். ஆக, காற்று எப்படியும் எரியத்தான் போகிறது என்றாலும், எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் எரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதைக் குளிர வைப்பது.

இப்போது உங்கள் வண்டி. இன்டர்கூலர் இரண்டு வகை. ஒன்றில், முன்னால் இருந்து வரும் வெளிக்காற்றே நேரடியாகக் குளிர்விக்கும், ஹோண்டா சிவிக் 1.5 டர்போவில் பம்பருக்குக் கீழே எட்டிப் பார்த்தால் தெரிகிறதே, அது இந்த வகை. இன்னொன்றில் நடுவே தண்ணீர் வரும். ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ எஞ்சினில் இன்டர்கூலரை, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே பொதித்து வைத்திருக்கிறார்கள். அதற்கென்று தனியாகக் கூலன்ட், தனியாக ஒரு மின்சாரப் பம்ப், முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர். உங்களுடையதும் இந்த வகை என்றால், நீங்கள் ரேடியேட்டர் என்று நினைத்துப் பார்த்ததில் ஒரு அடுக்கு இதுவாகவே இருக்கலாம். டர்போவிலிருந்து சிலிண்டர் வரைக்குமான பாதை சுருங்கிவிடுவதால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி பதில் சொல்லும். குறை என்னவென்றால், அந்தத் தண்ணீர் ஒருமுறை சூடேறிவிட்டால் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பம்ப் பழுதானாலோ மொத்தமும் படுத்துவிடும்.

இந்தச் சின்ன டர்போ எஞ்சின்கள் சிங்கப்பூரில் இவ்வளவு ஓடுவதற்கு ஒரு காரணம் சாலை வரி. பெட்ரோல் காருக்கு வரியை எஞ்சினின் சிசியைப் பார்த்துப் போடுகிறார்கள். 1.4 லிட்டர் வரியைக் கட்டி, பழைய 2 லிட்டர் வண்டி இழுத்த அளவுக்கு இழுக்க முடிகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ விஷயத்தில் மட்டும் இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுதாகச் செல்லாது, 2014 பிப்ரவரியிலிருந்து சின்னக் கார்களுக்கான வகை ஏ-யில் 1,600 சிசி வரம்போடு 97 கிலோவாட் சக்தி வரம்பையும் சேர்த்துவிட்டார்கள்.

வார இறுதியில் குடும்பத்தோடு ஜோகூர் போவோம். கடற்பாலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்துவிட்டு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறும்போது வண்டி சோம்பேறித்தனமாக இழுக்கிறது. கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகிவிடுகிறது. டர்போ போகப்போகிறதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

கொஞ்ச தூரத்தில் சரியாகிவிடுகிறது என்று சொன்னீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. பழுதான டர்போ தானாகச் சரியாகாது. உங்கள் இன்டர்கூலர் சூட்டில் ஊறிப் போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இன்டர்கூலர் ஒரு அலுமினியக் கட்டி. அதன் மேல் காற்று ஓடினால்தான் அது வேலை செய்யும். கடற்பாலத்தின் நீளம் என்னவோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கடப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற வண்டியில் காற்றோட்டம் இல்லை, முன் வண்டியின் எக்ஸாஸ்ட் உங்கள் கிரிலைப் பார்த்து ஊதுகிறது, கீழே தார் கொதிக்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் இருப்பதால் ஏர்கான் முழு வேகத்தில் ஓடுகிறது, அந்த ஏர்கானின் கண்டென்சரும் பல வண்டிகளில் இன்டர்கூலரை ஒட்டித்தான் இருக்கிறது. வண்டிக்குள் இருந்து இழுத்த சூட்டையெல்லாம் அது அங்கேதான் கொட்டும். இந்த நேரத்தில் எஞ்சின் சும்மா ஓடுவதால் டர்போ காற்றை அழுத்துவதே இல்லை. அப்படியும் இன்டர்கூலர் சூடேறிக்கொண்டே போகிறது. வேடிக்கை என்னவென்றால், வெளியே 33 டிகிரியில் இருக்கும் காற்று அதற்குள் நுழைந்து 55, 60 டிகிரியில் வெளியே வரும். குளிர வைக்கத்தான் அதை வைத்தார்கள், அது சூடு போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நிலையில் குடிநுழைவுச் சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி, 110க்குப் போகலாம் என்று மிதிக்கிறீர்கள். கணினி உள்ளே வரும் காற்றின் சூட்டைப் பார்த்துப் பயந்து டைமிங்கைப் பின்னுக்கு வைத்திருக்கும். சில நிமிடம் நல்ல காற்று பட்டால் அலுமினியம் ஆறிவிடும், வண்டியும் பழையபடி பறக்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கைப்பேசியில் இன்டேக் காற்று வெப்பம் என்று ஒரு எண் வரும். பிஐஇ விரைவுச்சாலையில் சீராகப் போகும்போது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நெரிசலில் நிற்கும்போது பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய இருக்கும், அது இயல்பு. காலையில் நல்ல சாலையில் சீராக ஓடும்போதே எண் வழக்கத்தைவிட எகிறி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது இன்டர்கூலர் முகத்தில் குப்பை அடைத்திருக்கிறதா, தண்ணீர் வகை என்றால் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

98 பெட்ரோல் போட்டால் சரியாகுமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆக்டேன் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும் தெம்பு கூடும், அதனால் சூடான நேரத்தில் கணினி அவ்வளவாகப் பின்வாங்காது. ஆனால் 95க்கு வடிவமைத்த வண்டியில் அந்த வித்தியாசத்தை உணர்வதற்கு நுண்ணிய கால் வேண்டும். எப்படியும் முக்கால் டேங்க் இங்கேயே நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும், அங்கே நம் வண்டிக்கு 95 போடவும் விடமாட்டார்கள், 97தான். ஆகையால் நீங்கள் விரும்பாமலேயே பாதிப் பரிசோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பெரிய இன்டர்கூலர் மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒர்க்‌ஷாப்பில் 1,800 வெள்ளி கேட்கிறார்களாம். 20 குதிரைசக்தி கூடும் என்று அவர் நண்பர் சொல்லியிருக்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். யார் சரி?
– பொங்கோல் வாசகி

குடும்பச் சண்டையில் தலையிடுவது என் வழக்கமில்லை. ஆனாலும் இதில் நீங்கள்தான் சரி.

கம்பெனி வைத்த இன்டர்கூலர் கம்பெனி வைத்த பூஸ்ட்டுக்குப் போதுமானது. உள்ளே வரும் காற்று 125 டிகிரி, வெளிக்காற்று 31, இன்டர்கூலர் அதை 50க்கு இறக்குகிறது என்றால், இறக்க முடிந்த 94 டிகிரியில் 75ஐ இறக்கிவிட்டது, அதாவது 80 சதவீதம் வேலை முடிந்தது. எவ்வளவு பெரிய இன்டர்கூலர் வைத்தாலும் வெளிக்காற்றின் 31 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. மிச்சமிருக்கிற 19 டிகிரியில் பாதியைப் பிடித்தால்கூட மூன்று சதவீதம்தான். பெரிய பெட்டியை நிரப்பக் காற்றும் நேரமும் கூடுதலாக வேண்டும், அதனால் மிதித்தவுடன் வரும் துடிப்பு கொஞ்சம் மங்கும். உள்ளே ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருந்தால் அழுத்தம் குறையும், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை இன்னும் சூடாக்கும். அதோடு பெரிய இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால் ரேடியேட்டருக்கும் ஏர்கானுக்கும் போகிற காற்றை அது மறைக்கும். சிங்கப்பூரில் ஏர்கானைக் கெடுத்துக்கொண்டு வேகம் தேடுவதா?

அப்படியானால் பெரிய இன்டர்கூலரே வீணா என்றால் இல்லை. கணினியின் அமைப்பை மாற்றி எழுதி (ரீமேப்) பூஸ்ட்டை ஏற்றி, பந்தயத் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிறவர்களுக்கு அது அவசியம், ஏனென்றால் அவர்கள் இன்டர்கூலருக்கு ஆற நேரமே கொடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் பொங்கோலில் இருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகிறார். விரைவுச்சாலைகளில் உச்சமே 90தான், அதுவும் காலை எட்டரை மணிக்கு எங்கே கிடைக்கிறது? இந்த ஊரில் இன்டர்கூலருக்குப் பஞ்சம் ஓடுகிற காற்றுக்குத்தான், அலுமினியத்துக்கு இல்லை. 20 குதிரைசக்தி என்று நண்பர் சொன்னது ரீமேப்பையும் சேர்த்துச் சொன்னதாக இருக்கும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் (எல்டிஏ) மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: சிலவற்றுக்கு அனுமதியே தேவையில்லை, சிலவற்றுக்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், சிலவற்றைத் தொடவே கூடாது. பணம் கட்டுவதற்கு முன்னால், மாட்டப்போகும் பொருள் எதில் வருகிறது என்று எல்டிஏயின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும், ஒர்க்‌ஷாப்காரர் "பிரச்சனை இல்லை பாஸ்" என்று சொல்வது அனுமதி ஆகாது. காருக்கு மூன்று வயது ஆனதில் இருந்து இரண்டு ஆண்டுக்கொரு முறை ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும், உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். அவ்வளவுக்கும் பிறகு அந்த மூன்று சதவீதம் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த 1,800 வெள்ளியில் நான்கு நல்ல டயர் வாங்கலாம்.

அண்ணே, நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். கப்பலின் மெயின் எஞ்சினில் ஏர் கூலருக்குக் கீழே ஒரு டிரெயின் குழாய் உண்டு, எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கார் இன்டர்கூலரில் அப்படிக் குழாயே இல்லையே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?
– துவாஸ் வாசகர்

தம்பி, இந்த இதழின் நல்ல கேள்வி இதுதான்.

நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம், ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் நீராவியும் சேர்ந்து நெருங்கும், அதனால் நீர் பிரிந்து சொட்ட ஆரம்பிக்கும் வெப்பநிலை மேலே ஏறிவிடும். மேலே சொன்ன டயர் கம்ப்ரஸரின் தொட்டியை ஒவ்வொரு நாளும் சாயங்காலம் திறந்துவிட்டால் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருமே, அது இதனால்தான். 31 டிகிரி, 84 சதவீத ஈரம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், சாதாரண அழுத்தத்தில் 28 டிகிரிக்குக் கீழே போனால்தான் நீர் சொட்டும். இரண்டு மடங்கு அழுத்தினால் அது சுமார் 40 டிகிரி. நான்கு மடங்கு அழுத்தினால் ஏறத்தாழ 54.

உங்கள் ஏர் கூலரும் கார் இன்டர்கூலரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இப்போது இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் இன்டர்கூலரில் இருந்து பூஸ்ட்டில் வெளியே வரும் காற்று பகலில் 45, 50 டிகிரியில் இருக்கும். நீர் பிரியும் 40க்கு மேலேயே நின்றுவிடுவதால் அது நீராவியாகவே எஞ்சினுக்குள் போய், எக்ஸாஸ்ட்டோடு வெளியேறிவிடும். உங்கள் கப்பல் எஞ்சினில் டர்போ நான்கு மடங்கு அளவுக்கு அழுத்துகிறது, குளிர வைப்பதோ கடல்நீரை நம்பி, வெளியே வரும் காற்று 40, 45 டிகிரிதான். நீர் பிரிந்தே தீரும். 10,000 கிலோவாட் எஞ்சின் ஒன்று இந்தக் கடலில் முழுச் சுமையில் ஓடினால் அந்தக் குழாயில் ஒரு நாளைக்கு 10 டன்னுக்கு மேல் தண்ணீர் வரும். அத்தனையும் காற்றில் இருந்தது. அது சிலிண்டருக்குள் போனால் அதன் உட்சுவரான லைனரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், அதனால்தான் கூலரை அடுத்து, நீர்த்துளிகளைப் பிடிக்கும் வாட்டர் மிஸ்ட் கேச்சர் வைக்கிறார்கள். டிரெயின் அடைத்துக்கொண்டால் சீஃப் எஞ்சினியர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

காரிலும் சில நேரம் சொட்டுத் தண்ணீர் சேரும். மழை பெய்து காற்று 25 டிகிரிக்கு இறங்கிய இரவில் நீர் பிரியும் எல்லை 36க்கு வரும், நெடுஞ்சாலையில் நல்ல காற்றில் இன்டர்கூலர் அதைத் தொட்டுவிடலாம். அது கொஞ்சம், எஞ்சின் விழுங்கிவிடும். இங்கே தண்ணீர் உறையும் குளிர் இல்லாததால் குழாய்க்குள் பனிக்கட்டியாகி அடைக்கும் தொல்லையும் நமக்குக் கிடையாது. கனடாக்காரர்களுக்கு உண்டு.

என் டீசல் வேன் ஏழு வயது. ஒரு வாரமாக மேம்பாலம் ஏறும்போது இழுவையே இல்லை, மிதித்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னால் கறுப்புப் புகை. டர்போ மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– பிடோக் வாசகர்

மாற்றாதீர்கள். முதலில் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர்க் குழாய்கள் வருடக்கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி வெடிக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்து நழுவும். சும்மா நிற்கும்போது எதுவும் தெரியாது. மிதித்தால் பூஸ்ட் ஏறும், விரிசல் வாயைத் திறக்கும், நீங்கள் கேட்கிற அந்தப் புஸ் வரும். டீசல் மட்டும் முழு அளவில் ஊற்றப்படுகிறது, காற்றோ வழியிலேயே கசிந்துவிட்டது, எரிய ஆக்சிஜன் இல்லாமல் கரியாகப் போகிறது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், பி0299 என்று வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று பொருள். அந்த எண்ணைப் பார்த்தவுடன் டர்போவைக் கழற்றுகிறவரிடம் இருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், ஏனென்றால் கிழிந்த ஹோஸுக்கும் அதே எண்தான் வரும்.

எஞ்சின் ஆறியபின் ஒவ்வொரு ஹோஸையும் கையால் அமுக்கித் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான் ஓட்டை. தெரியவில்லை என்றால் புகை விட்டுச் சோதிக்கும் கருவி வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள், புகை விடுகிற வண்டிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் இருந்து அபராதக் கடிதம் வரும்.

குழாயைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம், எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக வரும் ஆவி படிவது அது. ஆனால் இன்டர்கூலரைச் சாய்த்தால் எண்ணெய் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால் டர்போ சீல் போயிருக்கலாம், மூச்சுக் குழாய் அடைத்திருக்கலாம், அது அவசரம். டீசல் எஞ்சினுக்கு எரிவதற்கு எண்ணெயும் ஒன்றுதான் டீசலும் ஒன்றுதான். தேங்கிய எண்ணெயை உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறிக்கொண்டு ஓடும். கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெரிய கியரில் கிளட்சை விட்டுத்தான் அதைத் திணறவைத்து நிறுத்த வேண்டும்.

இன்டர்கூலர் இல்லாத டர்போ கார்கள் இருந்தனவா?
– தோ பாயோ, உயர்நிலைப் பள்ளி மாணவர்

இருந்தன. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது, விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. அதில் இன்டர்கூலர் கிடையாது. நாக்கிங்கை அடக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதற்கு டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்று பெயர் வேறு! தீர்ந்துபோனால் பூஸ்ட்டைக் குறைத்துவிடும் ஏற்பாடு இருந்தது, வாங்கியவர்கள் நிரப்ப மறந்துவிடுவார்கள், வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொல்வார்கள். இரண்டே ஆண்டில் கடையைக் கட்டினார்கள்.

1975இல் விற்பனைக்கு வந்த போர்ஷ 911 டர்போவிலும் முதலில் இன்டர்கூலர் இல்லை. 1978இல் எஞ்சினை 3.3 லிட்டராக்கும்போது சேர்த்தார்கள், 260 குதிரைசக்தி 300 ஆனது. அதில் எஞ்சின் பெரிதானதற்கும் பங்கு உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் இன்டர்கூலரை வைக்க இடமில்லாமல் பின்சிறகுக்கு அடியில் வைத்தார்கள், அந்தச் சிறகு அப்படித் தட்டு மாதிரி விளிம்போடு இருப்பதற்கு அதுதான் காரணம். விமானக்காரர்கள் இதற்கெல்லாம் முந்திக்கொண்டார்கள். 1942இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9இன் மெர்லின் எஞ்சினில், சூப்பர்சார்ஜரில் இருந்து வரும் காற்றைக் குளிர வைக்கத் தண்ணீர் இன்டர்கூலர் இருந்தது.

சுபாரு போனட்டின் மேல் இருக்கும் அந்த ஓட்டை உண்மையா, அலங்காரமா? இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளித்தால் நல்லது என்கிறார்களே?
– அங் மோ கியோ வாசகர்

டபிள்யூஆர்எக்ஸில் அது உண்மை. இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் படுத்திருக்கிறது, அந்த ஓட்டைதான் அதற்கு மூச்சு. குழாய் நீளம் குறைவு என்பது நன்மை, ஆனால் வண்டி நின்றால் கீழே இருக்கும் எஞ்சினின் சூடு முழுவதும் நேராக அதன்மேல் ஏறும். நெரிசல் ஊருக்கு ஏற்ற இடம் அல்ல.

தண்ணீர் தெளிப்பதும் உண்மைதான். மிட்சுபிஷி எவோவிலும் சுபாரு எஸ்டிஐயிலும் கம்பெனியே அதற்கொரு தண்ணீர்த் தொட்டி வைத்து விற்றது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், சாதாரண விஷயமில்லை. ஈரக் காற்றில் ஆவியாகாதே என்று கேட்கலாம், ஆனால் 60 டிகிரியில் கொதிக்கும் அலுமினியத்தின் மேல் ஆவியாகும். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்பது வேறு கேள்வி.

இன்டர்கூலரைக் கழுவலாமா?
– பெயர் குறிப்பிடாதவர்

முன்பக்கம் தெரிகிற வகை என்றால் கழுவலாம், எஞ்சின் ஆறியபின். பூச்சி, இலை, மண் எல்லாம் ஃபின்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் போதும். பெட்ரோல் ஸ்டேஷனில் இருக்கும் ஹை பிரஷர் துப்பாக்கியைப் பக்கத்தில் பிடித்தால் ஃபின்கள் மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் காற்று நுழைய வழியே இருக்காது. மடங்கினவற்றை நிமிர்த்த ஃபின் சீப்பு என்று ஒன்று கிடைக்கிறது, பொறுமை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.